புதுமனைக் களிமண்: செடி நடும் முன் அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

இராமநாதபுரம் கடலோரத்து மண்ணை ஒரே பெயரால் அழைக்க முடியாது. உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் மண்வெட்டி தானே இறங்கும் மணற்பாங்கான தென்னந்தோப்பு நிலம். அங்கிருந்து உள்ளே வர வரக் கண்மாய்ப் பாசன வயல்களின் களிமண். கமுதி, முதுகுளத்தூர் என்று போனால் கரிசல். வீட்டுமனைகளாக மாறிவிட்டவற்றில் பல, நடுவில் சொன்ன அந்த வயல்களே. தேவிபட்டினத்துக்குச் சற்று மேற்கே அப்படியொரு பழைய நெல்வயலில் வீட்டைக் கட்டி முடித்து, மீதமிருந்த ஐந்து சென்ட் இடத்தில் நாங்கள் தோட்டம் போட்டபோது, முதல் ஆண்டு வைத்த கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போயின. அவை ஒரே காரணத்தால் பட்டுப்போகவில்லை, மூன்று வெவ்வேறு காரணங்களால் பட்டுப்போயின என்பதும், மூன்றும் மேலோட்டமாகப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதும் பின்னால்தான் எங்களுக்குப் புரிந்தது.

அந்த மூன்றையும் முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வெறும் களி என்பது துகள் மிக நுண்ணியதாக இருப்பதால் காற்றும் நீரும் நுழைய இடமில்லாத மண். உவர் என்பது நீரில் கரையும் உப்புகள் மிகுந்த மண். களர் என்பது களித்துகள்களின் மேற்பரப்பில் சோடியம் ஒட்டிக்கொண்டு, துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்கும் மண். களிக்கு மக்கிய எருவும், உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும், களருக்கு ஜிப்சமும் மருந்து. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பணத்தோடு ஓர் ஆண்டும் போய்விடும். கடலோரத்தில் இந்த மூன்றும் ஒரே மனையிலேயே கலந்து கிடக்கக்கூடும் என்பதால், மணல் அடிக்கவோ ஜிப்சம் மூட்டை இறக்கவோ முனைவதற்கு முன், உங்கள் மண் காட்டும் அறிகுறியைக் கீழே தேடிப் பார்த்து, அந்தந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். தேவைப்படுபவை ஒரு கடப்பாரை, ஓர் அடிக்கோல், ஒரு கண்ணாடித் தம்ளர், கூரையிலிருந்து பிடித்த ஒரு குடம் மழைநீர், அவ்வளவே.

மழை விட்டு இரண்டு நாளாகியும் தண்ணீர் வடியவில்லை

ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள குழி ஒன்று வெட்டி, அதன் பக்கச் சுவர்கள் மண்வெட்டியின் தேய்ப்பால் வழவழப்பாகியிருந்தால் கம்பியால் கீறிவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த நீர் முழுவதும் இறங்கிய பின் இரண்டாம் முறை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அடிக்கோலால் அளந்து பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலம் அல்லது அதற்கு மேல் இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். அரை அங்குலத்துக்கும் குறைவென்றால் அந்த இடத்தில் மா, எலுமிச்சை, பப்பாளி போன்றவற்றைத் தரைமட்டத்தில் வைக்கவே கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, தண்ணீரை எது தடுக்கிறது என்பது. நெல்வயலாக இருந்த இடத்தில், ஆண்டாண்டு காலமாகத் தொளி அடித்து, அதாவது நீர் நிறுத்திச் சேறாக்கி உழுததால், அரையடியிலிருந்து முக்காலடி ஆழத்தில் மண் இறுகி ஒரு கெட்டித் தட்டு உருவாகியிருக்கும். நெல்லுக்கு அது வரம். தண்ணீரை நிறுத்திக் கொடுத்தது அதுவே. தோட்டச் செடிக்கு அது சிமென்ட் தளம். கடப்பாரையை நேராக இறக்கும்போது, சற்று இலகுவாகப் போய், திடீரென்று தட்டி நின்று, அதைத் துளைத்த பின் மறுபடி இலகுவாகப் போனால், கெட்டித் தட்டு இருக்கிறது என்று கொள்ளலாம். வீடு கட்டும்போது லாரியும் கலவை இயந்திரமும் நின்ற இடங்களில் இந்த இறுக்கம் தரைமட்டத்திலிருந்தே தொடங்கியிருக்கும். வாய்ப்பிருந்தால் மதில் எழுப்பும் முன்பே டிராக்டரை உள்ளே விட்டு, உளிக்கலப்பையால் ஒன்றரை அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுவது மிகச் சிறந்த வழி. மதில் எழும்பிவிட்ட மனையில் கடப்பாரையாலோ, ஜேசிபியின் சிறு கொட்டுவாளியாலோ அந்தத் தட்டை உடைக்க வேண்டும். உடைப்பது போதும், அடிமண்ணை மேலே புரட்டிப் போடத் தேவையில்லை. கடலோரத்தில் அடிமண்ணில் உப்பு அதிகமாக இருப்பது வழக்கம் என்பதால், அதை மேலே கொண்டு வருவது நாமே உவரை விதைப்பதாகிவிடும்.

தட்டு எதுவுமின்றி மண் முழுவதுமே களியாக இருந்தால், அல்லது மனை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால், கீழே வழி தேடுவதை விட்டுவிட்டு மேலே உயர்த்துவதுதான் தீர்வு. முக்காலடி முதல் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்திகளும், மரக்கன்றுகளுக்கு ஒன்றரை அடி உயரத்தில் மூன்றடி விட்டத்துக்குக் குறையாத மண்மேடுகளும் அமைத்து, இடையில் வாய்க்கால் வெட்டி, மனையின் தாழ்ந்த மூலைக்கு நீரை இழுத்து, அங்கே மழைநீர் உறிஞ்சுகுழியோ வெளியேறும் வழியோ வைத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு பெரும் பிழையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாங்கள் செய்ததும் அதுவே, இன்றும் புதுமனைகளில் பெரும்பாலோர் செய்வதும் அதுவே. மரக்கன்றுக்கு மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, வெட்டிய களியை வெளியே கொட்டிவிட்டு, மணலும் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி நடுவது மணற்பாங்கான நிலத்துக்கு நல்ல முறை. களிமண்ணில் அந்தக் குழி ஒரு தொட்டியாகிவிடும். சுற்றியுள்ள களியில் இறங்க முடியாத மழைநீர் முழுவதும், எளிதில் நுழைய இடம் தரும் குழிக்குள் வந்து சேரும். வெளியேற வழி இருக்காது. எங்கள் மாங்கன்று கார்த்திகை மழைக்குப் பின் இலை தொங்கி நின்றது. வாட்டம் என்று நினைத்து மேலும் இரண்டு குடம் ஊற்றினோம். பத்து நாள் கழித்துப் பிடுங்கிப் பார்த்தபோது, வேரை இரு விரலால் பிடித்து உருவியதும் கறுத்த தோல் உறைபோலக் கழன்று வந்தது. உள்ளே வெள்ளைத் தண்டு நரம்பு மட்டும் கையில் நின்றது. குழியின் அடியில் இருந்த மண் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் கந்தகத்தைச் சிதைக்கும்போது வரும் நாற்றம் அது. இலை தொங்குவது நீர் குறைந்தாலும் நிகழும், வேர் மூச்சுத்திணறினாலும் நிகழும் என்பதால், களிமண்ணில் வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் அரையடி தோண்டி மண்ணைத் தொட்டுப் பார்ப்பது கட்டாயம்.

அதனால் களிமண்ணில் குழி ஆழமாக இருக்கக் கூடாது, அகலமாக இருக்க வேண்டும். கன்றின் மண்ணுருண்டை உயரத்துக்கு மேல் ஆழம் தேவையில்லை. அகலம் அந்த உருண்டையைப் போல் மூன்று மடங்கு இருக்கட்டும். வெட்டி எடுத்த அதே மண்ணை உடைத்து, நான்கில் ஒரு பங்குக்கு மிகாமல் மக்கிய எரு சேர்த்து, அதையே திரும்ப இட வேண்டும். வெளியிலிருந்து வேறு மண்ணைக் கொண்டுவந்து குழியில் மட்டும் நிரப்பக் கூடாது. மாற்றுவதென்றால் பாத்தி முழுவதையும் மாற்றுங்கள். குழியை மட்டும் மாற்றாதீர்கள்.

ஈரத்தில் மண்வெட்டியில் ஒட்டுகிறது, காய்ந்தால் கல்லாகிறது

இது களியின் இயல்பான குணம். நோய் என்று சொல்ல முடியாது. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிதுக்கி நாடாவாக இழுத்துப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் அறாமல் நீண்டால் கனத்த களி; ஓர் அங்குலத்துக்குள் அறுந்தால் அச்சப்படத் தேவையில்லாத மண்.

கனத்த களியில் வேலை செய்யக்கூடிய பதம் மழைக்குப் பின் சில நாட்களே இருக்கும். அந்த நாட்களைத் தவறவிடுவதைவிடப் பெரிய தவறு, அதற்கு முன்பே இறங்கி வெட்டுவது. ஈரக்களியை வெட்டினால் அதன் நுண்துளைகள் நசுங்கி மூடிக்கொண்டு, காய்ந்ததும் ஒவ்வொரு வெட்டும் ஒரு செங்கல்லாகிவிடும். அது மறுபடி உதிர ஓர் ஆண்டு மழையும் வெயிலும் தேவைப்படும். எங்கள் மனையில் கொத்த வந்த பெரியவர் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேணாம் அப்பு, மண்ணு கையில ஒட்டுது. நாலு நாள் கழிச்சு வர்றேன்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அன்றைய கூலியை விட்டுவிட்டு அவர் சொன்ன அந்தச் சொல்லுக்கு நான் இன்றும் நன்றியுடையவன். நான்காம் நாள் அதே உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தியபோது பொலபொலவென்று உதிர்ந்தது. அப்படி உதிரும் நாள்தான் வெட்டும் நாள். சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை பெய்தால், அதற்கு அடுத்த வாரத்தை இதற்காகவே ஒதுக்கி வையுங்கள்.

மணல் கலந்தால் களி இளகும் என்ற நம்பிக்கையைக் கணக்குப் போட்டே விட்டுவிடலாம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அரையடி ஆழத்து மண் சுமார் 218 கன அடி. அதன் தன்மை உண்மையில் மாற வேண்டுமானால் ஏறக்குறைய அதே அளவு மணல் சேர வேண்டும், அதாவது, யூனிட் ஒன்று 100 கன அடி என்ற கணக்கில், சென்ட் ஒன்றுக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல், ஐந்து சென்ட்டுக்குச் சுமார் 11 யூனிட். அதற்குக் குறைவாகக் கலந்தால், மணல் பரல்களுக்கு இடையில் களி புகுந்து அடைத்துக்கொண்டு, முன்னைவிடக் கெட்டியான ஒன்று உருவாகும். மண்சுவர் எழுப்புபவர்கள் களியோடு மணலைச் சேர்ப்பது இந்தக் கெட்டித்தன்மைக்காகவே. நாங்கள் இரண்டு யூனிட் போட்டுக் கலந்த பாத்தி இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் மிக மோசமான பாத்தி. கடற்கரை மணலைப் பற்றி எண்ணவே வேண்டாம்: அதில் உப்பும் சிப்பிச் சுண்ணாம்பும் இருக்கின்றன, கடலோர ஒழுங்காற்று விதிகளும் அதை அள்ளுவதைத் தடுக்கின்றன. கண்மாய் வண்டலும் இதற்கு மருந்தாகாது. மணற்பாங்கான உச்சிப்புளித் தோப்புக்கு அது அமுதம். களியின் மேல் வண்டலைக் கொட்டுவது களிக்கு மேல் களி.

களியை இளக்குவது மக்கிய கரிமப் பொருள் ஒன்றுதான். அது மக்கும்போது நுண்ணுயிர்கள் சுரக்கும் பசை, களித்துகள்களை ஒன்றுசேர்த்துச் சிறு உருண்டைகளாக்குகிறது. அந்த உருண்டைகளுக்கு இடையில் காற்று போகிறது. நடவுக்கு முன் மண்மேல் இரண்டு அங்குல உயரத்துக்கு மக்கிய எருவைப் பரப்பி, அரையடி ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். சென்ட் ஒன்றுக்கு இது சுமார் 73 கன அடி, அதாவது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதிகமாகத் தோன்றினால் இடத்தைச் சுருக்குங்கள், அளவைக் குறைக்காதீர்கள். ஐந்து சென்ட்டில் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுவதைவிட ஒரு சென்ட்டைச் சரியாகச் செய்வது எவ்வளவோ மேல்.

இந்தப் பகுதியில் எரு கிடைக்கும் வழிகளில் எனக்கு முதன்மையாகப் படுவது ஆட்டுக்கிடை. ஊர் ஊராக ஆடு மேய்த்துச் செல்லும் கீதாரிகள் கிடையோடு நம் பக்கம் வரும் நாட்களில், மதில் இல்லாத மனையென்றால், பேசி இரண்டு மூன்று இரவுகள் கிடை போடச் சொல்லலாம். புழுக்கையும் மூத்திரமும் மண்ணோடு மண்ணாக இறங்கும். மேலாகக் கொத்திவிட்டு ஒரு மழை கண்ட பிறகு நடலாம். தென்னைநார்க் கழிவு மலிவாகக் கிடைக்கும், ஆனால் பச்சையாக இடக்கூடாது. யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் இட்டு மக்கவைத்த கழிவையே வாங்க வேண்டும். உப்பங்கழியில் ஊறிய மட்டையிலிருந்து வந்தது என்றால், மழையில் சில நாட்கள் நனையவிட்டு உப்பைப் போக்கிய பின் பயன்படுத்தலாம். கருவாட்டுக் கழிவு உப்பைச் சுமந்து வரும் என்பதால் தவிர்க்க வேண்டும். கரி மூட்டத்துச் சாம்பலும் அடுப்புச் சாம்பலும் காரத்தன்மையைக் கூட்டுவதால் நம் மண்ணுக்கு ஆகா.

எருவுக்கு வழியில்லாத இடத்தில் தக்கைப்பூண்டு விதைப்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. தேங்கிய நீரையும் ஓரளவு களரையும் அது தாங்கும். அதன் வேர் நாம் கடப்பாரையால் செய்யும் வேலையைத் தானே செய்யும். ஏக்கருக்கு 20 கிலோ என்ற வழக்கமான கணக்கில் சென்ட்டுக்கு 200 கிராம் விதை போதும். புரட்டாசியில் விதைத்து, 45 முதல் 50 நாளில், பூக்கும் தறுவாயில், தண்டு நார் பாயும் முன் மடக்கிக் கொத்திவிட்டு, மூன்று நான்கு வாரம் மக்க விட வேண்டும்.

மேல்மண் ஓடு கட்டுகிறது, தேங்கும் நீர் தெளியவே இல்லை

மழை நின்று நாட்கள் கழிந்தும் குட்டையில் நிற்கும் நீர் தேநீரில் பால் ஊற்றியதுபோல் கலங்கியே இருந்தால், அது காய்ந்தபின் வழவழப்பான ஓடு விரிந்து, முளைத்த விதை அதை உடைத்து வர முடியாமல் அடியிலேயே மடங்கிக் கிடந்தால், களரைச் சந்தேகிக்க வேண்டும். இதை வீட்டிலேயே உறுதிப்படுத்த ஒரு சோதனை இருக்கிறது. கொண்டைக்கடலை அளவுக்கு நன்கு காய்ந்த மண்கட்டி ஒன்றை, கண்ணாடித் தம்ளரில் உள்ள மழைநீரில் மெதுவாக இறக்கி, கலக்காமல், அசைக்காமல் விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்திலும், பின் மறுநாளிலும் பாருங்கள்.

கட்டி அப்படியே இருந்தால் மண்ணுக்குப் பிடிப்பு இருக்கிறது. கட்டி சரிந்து குவியலாகி, நீர் தெளிவாகவே இருந்தால், கரிமப் பொருள் குறைவு. மேலே சொன்ன எருவே போதும், ஜிப்சம் வேண்டாம். கட்டியைச் சுற்றிப் பால்போல் ஒரு மூட்டம் எழுந்து பரவி, மறுநாள் தம்ளர் முழுவதும் கலங்கியிருந்தால், அது களர். சோடியம் ஒட்டிய துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் மிதப்பதே அந்த மூட்டம். மழையில் அதே துகள்கள் மண்ணின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்வதுதான் ஓடு.

மழைநீர் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. உப்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் இதே சோதனையைச் செய்தால், அந்த உப்பே துகள்களைத் திரளச் செய்து மூட்டத்தை எழவிடாது. களர் மண் நல்ல மண்போல் நடிக்கும். முதல் முறை நாங்கள் குழாய்த் தண்ணீரில் பார்த்து, பயமில்லை என்று முடிவு செய்தோம். ஐப்பசியில் நல்ல மழைநீர் மண்ணில் விழுந்த பிறகுதான் ஓடு கட்டியது. இந்தப் பகுதியில், கோடையெல்லாம் கிணற்று நீரில் நன்றாக இருந்த பாத்தி மழை வந்ததும் இறுகிப்போகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் நினைப்பது களரைத்தான்.

ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட் வேலை செய்யும் இடம் இது. அதிலுள்ள கால்சியம் களித்துகள் மேல் ஏறி உட்கார்ந்து சோடியத்தை இறக்கிவிடும். இறங்கிய சோடியம் நீரோடு வெளியேற வேண்டும். வெளியேற வடிகால் இல்லையென்றால் அது அங்கேயே இருந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும். எனவே வடிகால் வேலை முதலில், ஜிப்சம் பிறகு. எவ்வளவு என்பதைத் தம்ளர் சொல்லாது; ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இராமநாதபுரத்திலேயே இருக்கிறது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களும் உண்டு. எட்டுப் பத்து இடங்களில் மேற்புல்லைச் செதுக்கி, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அரையடிக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து சீவிய மண்ணை ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக்கிலோ எடுத்துச் செல்லுங்கள். மரம் வைப்பதாக இருந்தால் ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழ மண்ணையும் தனித்தனியாகக் கட்டிச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, சிமென்ட் கொட்டிய இடத்து மண் கலந்தால் முடிவு பிழையாகும்.

அறிக்கையில் கார அமில நிலை (pH) 8.5-க்கு மேலும், சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால் களர் உறுதி. ஜிப்சம் ஏக்கருக்கு இரண்டு டன் என்று எழுதியிருந்தால் உங்கள் சென்ட்டுக்கு 20 கிலோ. அதைத் தூளாக்கித் தூவி, மேல் நான்கு அங்குலத்தில் கொத்திக் கலந்து, வரப்புக் கட்டி நல்ல நீரை நான்கைந்து அங்குலம் நிறுத்தி, சில நாளில் வடித்துவிட வேண்டும். ஐப்பசி மழைக்குச் சற்று முன் இட்டால் அந்த வேலையை வானமே செய்துவிடும்.

தரையில் வெள்ளை பூக்கிறது, இலை ஓரம் கருகுகிறது

மாசி, பங்குனியில் காலையில் பார்க்கும்போது மண்மேல் பொடி உப்புபோல் வெள்ளை படிந்து, மழை பெய்ததும் மறைந்து, வெயில் ஏறியதும் மறுபடி வந்தால் அது உவர். மண் கருமையான பிசுக்கோடு தோன்றினால் களர் என்பது பொது அடையாளம். இரண்டும் கலந்த நிலமும் உண்டு. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் (EC) மீட்டருக்கு 4 டெசிசீமன்சுக்கு மேல் இருந்தால் உவர் நிலம் என்பது, மண்ணை நீரில் குழைத்து அதிலிருந்து நிறைவுச் சாறு எடுத்துப் பார்க்கும் அளவுகோல். வழக்கமான பரிசோதனையில் மண்ணோடு இரு மடங்கு நீர் சேர்த்துப் பார்ப்பதால் எண் இதைவிடக் குறைவாக வரும். அறிக்கை வாங்கும்போது எந்த முறை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வெறும் உவருக்கு ஜிப்சம் போடுவதால் பயனில்லை. ஜிப்சமும் ஓர் உப்பே. உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே இறக்குவது ஒன்றே வழி. ஓரடி ஆழத்து மண்ணிலிருந்து உப்பின் பெரும்பகுதியைக் கழுவ, ஏறத்தாழ ஓரடி நீர் அதன் வழியே இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இந்த மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. மனையைச் சுற்றி முக்காலடி வரப்புக் கட்டி, மண்ணைக் கொத்திவிட்டு, கூரைநீரையும் அதற்குள் திருப்பிவிட்டால், ஒரு பருவத்திலேயே மேல் ஓரடி கண்கூடாகத் தெளியும். களி என்பதால் கீழே இறங்காமல் நின்றால், முதல் அறிகுறியில் சொன்ன வடிகால் வேலை முடியவில்லை என்று பொருள், அதற்குத் திரும்புங்கள்.

கழுவிய உப்பு கோடையில் மீண்டும் ஏறி வராமல் தடுப்பது அடுத்த வேலை. வெறும் தரையில் ஆவியாகும் ஈரம் உப்பை மேலே இழுத்து வைத்துவிட்டுப் போகிறது. பனையோலை, தென்னை மட்டை, வைக்கோல் எதுவாயினும் மூன்று அங்குலம் மூடாக்கு இட்டால் இந்த ஏற்றம் வெகுவாகக் குறையும். வேலிக்கருவைத் தழையை மூடாக்காக இடுபவர்கள் நெற்று இல்லாமல் பொறுக்கிப் போட வேண்டும். ஒரு நெற்று தவறினாலும் பின்னால் முள்ளோடு போராட வேண்டிவரும். ஆழ்துளைக் கிணற்று நீரையும் மண்ணோடு சேர்த்துப் பரிசோதித்துவிடுங்கள். நீரே உவர் என்றால், தினமும் தெளிப்பது மேல்மண்ணில் உப்பைச் சேர்த்துக்கொண்டே போகும். இடைவெளி விட்டு நிறையப் பாய்ச்சுவதே மேல். இலைமேல் படாமல் ஊற்ற வேண்டும்.

கோடையில் கை நுழையும் வெடிப்பு

நீரை ஏற்றால் உப்பி, இழந்தால் சுருங்கும் களி வகையின் குணம் இது. கரிசல் பக்கம் மிகுதி. வெடிப்பு வேரை அறுக்கும், பாய்ச்சிய நீரை நேராக அடியில் கொண்டுபோய்க் கொட்டும். வெடிப்பு கண்ணில் பட்ட பின் நீர் ஊற்றுவது வீண். பங்குனிக்கு முன்பே மூடாக்கு இட்டு, மண் முழுவதும் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்கும் வெடிப்புகளில் மக்கிய எருத்தூளைப் பெருக்கித் தள்ளிவிட்டால், அடுத்த மழையில் அது கொத்தாமலே ஆழத்துக்குப் போய்விடும். இத்தகைய மண்ணில் பெருமரங்களைச் சுவரிலிருந்து இருபதடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். மரம் அடித்தளத்து ஈரத்தை உறிஞ்சும்போது மண் சுருங்கிச் சுவரும் வெடிக்கும்.

தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இளம் இலைகளில் இது தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைபாடு. சுண்ணாம்பும் காரமும் மிகுந்த நம் களியில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை; கட்டுமானச் சுண்ணாம்பும் சிமென்ட் கழிவும் புதைந்த சுவரோரங்களில் இது இன்னும் கடுமை. ஒரு லிட்டர் நீரில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து, மாலையில் இரு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். அதற்கு முன், சுவரோரம் ஓரடி தோண்டி, கட்டடக் கழிவை வாரி வெளியேற்றிவிடுங்கள். தளிர் பச்சையாக இருந்து கீழிலைகள் மட்டும் மஞ்சளானால் இரும்பைக் குறை சொல்ல வேண்டாம். தழைச்சத்துக் குறைவோ, நீர் தேக்கமோ காரணமாக இருக்கும். மண்ணைத் தோண்டி முகர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

நடவுக்கு எப்போது துணிவது என்றால், மார்கழிக் கடைசியில், தக்கைப்பூண்டு மக்கிய பின், ஓரடிக் குழிச் சோதனையையும் தம்ளர்ச் சோதனையையும் அதே இடங்களில் மறுபடி செய்து பாருங்கள். நீர் மணிக்கு ஓர் அங்குலம் இறங்கி, தம்ளரும் தெளிவாக இருந்தால் தையில் காய்கறியும் பூச்செடியும் நடலாம். ஒன்று தேறி ஒன்று தேறாத இடங்களில் அந்த ஆண்டுக்குப் பூவரசு, புங்கன், வேம்பு, நெல்லி, சப்போட்டா போன்ற தாங்கும் இனங்களை மேட்டில் வைத்துவிட்டு, மாவையும் எலுமிச்சையையும் அடுத்த பருவத்துக்குத் தள்ளி வைக்கலாம். எங்கள் மனையில் மாங்கன்று பட்டுப்போன அதே இடத்தில், ஒன்றரை அடி மேட்டில், மூன்றாம் ஆண்டு வைத்த கன்று இப்போது மதிலுக்கு மேல் தலை நீட்டியிருக்கிறது. அதன் அடியில் ஒவ்வொரு பங்குனியிலும் மூடாக்கைப் புதுப்பிக்கிறோம்.